உறையின்மேல் எழுதப்படாத பெயர்கள்



பழைய காகித உறை ஒன்றை மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள். 1960களில் அமெரிக்க நாட்டுத் துணிக்கடைகளில் விற்கப்பட்ட உறை அது. அதன் முகப்பில் பெண்ணொருத்தியின் நிழற்படம். நெடிய கழுத்து, நிமிர்ந்த தோற்றம், எங்கோ தொலைவை நோக்கும் விழிகள். அவள் அணிந்திருப்பதோ பாரிஸ் நகரத்துப் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஒருவரின் படைப்பு. அவருடைய பெயர் உறையின்மேல் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. உறையை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும், அளவைக் குறிக்கும் எண்ணும், விலையும் உள்ளன. உள்ளே இருப்பது உடையன்று. பல மடிப்பாக மடிக்கப்பட்ட மெல்லிய தாள்களும், தைக்கும் முறையை விளக்கும் தாளொன்றும், முடிந்த உடையின் உட்புறத்தில் தைத்துக்கொள்வதற்கான சிறு துணிச்சீட்டும் மட்டுமே இருக்கின்றன.

இந்த உறையோடு தொடர்புடையவர்கள் மூவர். உடையின் வடிவத்தை எண்ணிப் படைத்தவர் ஒருவர். அதை அணிந்து காட்டியவர் மற்றொருவர். தன் வீட்டில் துணியை விரித்து, வெட்டி, தைத்து, அதை உண்மையான உடையாக ஆக்கியவர் மூன்றாமவர். முதலாமவருக்கு உறையில் பெயர் உண்டு. இரண்டாமவருக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. மூன்றாமவருக்கோ முகமும் இல்லை, பெயரும் இல்லை. இம்மூவரையும் சற்று நினைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தட்டைத் துணியும் வளைந்த உடலும்

துணி தட்டையானது, மனித உடலோ வளைவு நெளிவு கொண்டது. தட்டையான ஒன்றை எவ்வாறு வெட்டி இணைத்தால் அது தோளிலும் மார்பிலும் இடையிலும் சரியாகப் பொருந்தும் என்பதே தையற்கலையின் அடிப்படைக் கேள்வி. அக்கேள்விக்கு விடையைத் தாளிலே வெட்டி வைத்தால் அதுவே மாதிரித்தாள். தையற்பள்ளிகளில் இதனைப் ‘பேட்டர்ன்’ என்றே வழங்குகிறார்கள். நம் தாய்மார்கள் தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுத்துத் தைக்கச் சொல்வார்கள் அல்லவா? அளவு ரவிக்கை ஒருவருக்கு மட்டுமே உதவும். மாதிரித்தாளோ, முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானவருக்கு உதவ வேண்டும். ஆதலின் அதில் சொல்ல வேண்டியவை மிகுதி. முன்பக்கம் எது, பின்பக்கம் எது, கை எந்த இடத்தில் இணைய வேண்டும், துணியின் இழை எத்திசையில் ஓட வேண்டும், எங்கே பிடித்து மடித்துத் தைக்க வேண்டும், தையலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பவற்றையெல்லாம் அந்த மெல்லிய தாள் ஓசையின்றிச் சொல்லியாக வேண்டும்.

தொடக்க காலத்துத் தாள்களில் எழுத்தே இராது. சிறியனவும் பெரியனவுமாகத் துளைகள் இடப்பட்டிருக்கும். ஓரங்களில் சிறு வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு பொருள். அவற்றைப் படித்தறிவதே தனிப்பயிற்சி. 1919ஆம் ஆண்டில் பட்டரிக் நிறுவனம் ‘டெல்ட்டார்’ என்ற பெயரில் விரிவான செய்முறை விளக்கத் தாளை உறையோடு சேர்த்துத் தரலாயிற்று. 1920களின் தொடக்கத்தில் மெக்கால் நிறுவனம் கோடுகளையும் குறிப்புகளையும் தாளின்மீதே அச்சிடும் முறையைக் கொணர்ந்தது. எனினும் வோக் நிறுவனத்தின் தாள்கள் 1950களின் பிற்பகுதிவரை பெரும்பாலும் துளையிட்ட தாள்களாகவே இருந்தன. பாரிஸ் நகரத்து உடையொன்றை அத்தகைய தாளைக்கொண்டு தைத்து முடித்த பெண், தையலில் எளியவள் அல்லள்.

பணிப்பெண்ணும் தையற்காரரும்

இக்கலை வாணிகமாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே. 1851இல் ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் அது தவணை முறையிலும் விற்கப்படலாயிற்று. இயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டது; ஆனால் வெட்டத் தெரிய வேண்டுமே! வெட்டிய துணியைத் தைப்பது எளிது; தைப்பதற்கேற்ப வெட்டுவதுதான் அரிது.

அக்காலத்தில் நியூயார்க் நகரில் எல்லன் டெமாரஸ்ட் என்னும் அம்மையார் தம் கணவரோடு சேர்ந்து மெல்லிய தாள்களில் உடை மாதிரிகளை வெட்டி விற்கலானார். 1860 முதல் இதற்கென ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். இவ்வெண்ணம் அவருக்கு எப்படித் தோன்றியது என்பதைப் பற்றி ஒரு செய்தி வழங்கி வருகிறது. அவர் வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பணிப்பெண் ஒருத்தி, பொட்டலம் கட்டும் தாளை வெட்டி அதைக்கொண்டு தனக்கு உடை தைக்க முயன்றாளாம். அதைக் கண்ட அம்மையாருக்கு இத்தொழிலின் வித்து மனத்தில் விழுந்ததாம். டெமாரஸ்டின் பெயரை வரலாறு அறியும். அந்தப் பணிப்பெண்ணின் பெயரை இக்கதை சொல்வதில்லை. பெயரற்றவர்களின் வரிசை அவளிடமிருந்தே தொடங்குகிறது எனலாம். ஒன்றை மட்டும் டெமாரஸ்டின் பெருமையாகச் சொல்ல வேண்டும். தம் பணிக்கூடத்தில் கறுப்பின மகளிரையும் வெள்ளையின மகளிரையும் சமமாக வைத்து வேலை வாங்கினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அதே காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டெர்லிங் என்னும் சிற்றூரில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் வாழ்ந்தார். அக்காலத்து மாதிரிகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் கிடைத்தன. தம் குழந்தைக்குச் சட்டை தைக்க முற்பட்ட அவருடைய மனைவி எல்லன், ‘குழந்தையின் அளவுக்கே மாதிரி கிடைத்தால் எவ்வளவு எளிதாயிருக்கும்!’ என்று சொன்னதாகக் கூறுவர். சின்னஞ்சிறு குறைதான்; ஆனால் அதில் ஒரு பெருந்தொழில் அடங்கியிருந்தது. 1863இல் பட்டரிக் வெவ்வேறு அளவுகளில் வெட்டிய மாதிரிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலில் தடித்த தாளில் வெட்டியவர், மடித்து அனுப்ப எளிதாகும் பொருட்டு மெல்லிய தாளுக்கு மாறினார். இத்தாலிய வீரர் கரிபால்டியின் சீருடையைத் தழுவிய சிறுவர் உடை அவருடைய தாள்களுள் பெரிதும் விரும்பப்பட்டது. விரைவில் அவர் நியூயார்க் சென்றார். 1866இல் மகளிர் உடைகளுக்கும் மாதிரி வெளியிட்டார். அஞ்சல் சென்றடையும் ஊரிலெல்லாம் அவருடைய உறையும் சென்றடைந்தது. அதுவரை தலைநகரத்துத் தையற்காரரிடம் செல்ல வசதியுள்ளவர்களுக்கே உரியதாயிருந்த உடையமைப்பு, வயல்வெளி நடுவே தனித்திருந்த குடியானவர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

பாரிஸிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு

வோக் பத்திரிகை 1892இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்றது. செல்வர் வீட்டு மகளிருக்கான பத்திரிகை அது. 1899இல் அதில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பத்திரிகையில் வந்த சீட்டை வெட்டி, 50 சென்ட் காசுடன் அனுப்பினால் ஒரு மாதிரித்தாள் வீடு தேடி வரும். அந்தத் தாள்களை வெட்டியவர் ரோசா பெய்ன் என்னும் அம்மையார். எங்கே தெரியுமா? தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மீது! பின்னாளில் உலகெங்கும் விற்பனையான வோக் மாதிரித்தாள்களின் பிறப்பிடம் அந்த மேசைதான். 1914இல் அதற்கெனத் தனி நிறுவனமே உருவாயிற்று.

பாரிஸ் வடிவமைப்பாளர்களின் உடைகளை மாதிரித்தாளாக்கும் முயற்சி 1920களிலேயே தொடங்கிவிட்டது. மெக்கால் நிறுவனம் அதில் முன்னின்றது. ஆனால் வடிவமைப்பாளரின் இசைவோடும் பெயரோடும், அவர்களுடைய உடையின் அசல் வெட்டையே பின்பற்றிய வரிசையாகப் பெரும்புகழ் பெற்றது வோக் நிறுவனம் 1949இல் தொடங்கிய ‘பாரிஸ் ஒரிஜினல்’ வரிசையாகும். பியர் பால்மேன், ஜாக் ஃபாத், எல்ஸா ஸ்கியாபரெல்லி போன்றோர் இதில் இடம்பெற்றனர். பின்னர் டியோர், இவ் சேன் லோரான் முதலிய நிறுவனங்களின் உடைகளும் வந்தன.

இதன் பொருளை உணர வேண்டுமாயின் அக்காலத்து நிலைமையை அறிய வேண்டும். 1947 பிப்ரவரி 12ஆம் நாள் கிறிஸ்டியன் டியோர் தம் முதல் உடைத் தொகுப்பைப் பாரிஸில் வெளியிட்டார். போரின் வறுமைக்குப் பின்னர், ஒரு பாவாடைக்கே பல கஜம் துணி வேண்டிய அந்த உடைகளைக் கண்டு உலகம் வியந்தது, சிலர் சினந்தனர். அத்தகைய உடையை அளவெடுத்துத் தைத்துக்கொள்வது பெருஞ்செல்வர்க்கே இயலும். அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணோ, பள்ளியாசிரியையோ, நான்கு பிள்ளைகளின் தாயோ அதைக் கனவிலும் எண்ண இயலாது. அவர்களுக்கு அந்தப் படைப்பின் நுட்பத்தைச் சில டாலர்களில் திறந்து வைத்தது மாதிரித்தாள். துணி அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது, வெட்டு மட்டும் பாரிஸிலிருந்து வந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1965இல் இவ் சேன் லோரான், ஹாலந்து நாட்டு ஓவியர் பியட் மோன்ட்ரியானின் ஓவியங்களைத் தழுவிச் சில உடைகளைப் படைத்தார். வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடுகள். இடையிடையே சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள். பார்வைக்கு மிக எளியது. ஆனால் அந்தக் கட்டங்கள் துணியில் அச்சிடப்பட்டவையல்ல. ஒவ்வொரு நிறமும் தனித்தனித் துணியாக வெட்டி இணைக்கப்பட்டது. உடலுக்கேற்ற வளைவு முழுவதும் அந்த இணைப்புத் தையல்களுக்குள்ளேயே மறைந்திருந்தது. 1966இல் வோக் நிறுவனம் இவ்வுடைக்கு மாதிரித்தாள் வெளியிட்டது. அதை வீட்டில் தைத்த பெண், கறுப்புக் கோடு முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு ஓர் இழையும் பிசகாமல் சென்று சேருமாறு தைக்க வேண்டியிருந்தது. அருங்காட்சியகங்கள் அவ்வுடையின் அசலைக் காத்து வருகின்றன. அவள் தைத்த உடை எந்த அருங்காட்சியகத்துக்கும் போகவில்லை.

பெருவிரல் ரேகை

உடையில் பெயர் பொறிக்கும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1858இல் பாரிஸில் தொழில் தொடங்கிய சார்ல்ஸ் வொர்த் என்னும் ஆங்கிலேயர், ஓவியர் தம் ஓவியத்தில் ஒப்பமிடுவது போலத் தாம் படைத்த உடையின் உட்புறத்தில் தம் பெயர் நெய்த சீட்டைத் தைத்து வைத்தார். பிறரும் அதையே பின்பற்றினர். பெயருக்கு மதிப்பு வந்ததும் போலிகளும் வந்தன. உடைக்காட்சிக்கு வந்து, பார்த்ததை மனத்திலிருத்தி, வெளியே சென்று வரைந்து விற்றவர்கள் பலர். இதனைத் தடுக்க மாதலேன் வியோனே அம்மையார் 1920களில் ஒரு வழி கண்டார். தம் உடைச் சீட்டு ஒவ்வொன்றிலும் தம் பெருவிரல் ரேகையைப் பதித்தார்.

இந்த அம்மையாரின் வாழ்வு எண்ணத்தக்கது. ஏழ்மையில் பிறந்து, ஏறத்தாழ 12 வயதிலேயே தையல் வேலைக்குச் சென்றவர் அவர். துணியை நேர் இழையில் வெட்டாமல் குறுக்கே வெட்டி, அது உடலைத் தழுவி விழுமாறு செய்யும் முறையில் ஈடு இணையற்றவர். தாம் முதலாளியானபோது, தம் தையற்கூடத்துப் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறையும், மருத்துவ உதவியும், குழந்தைகளுக்குக் காப்பகமும் அமைத்துக் கொடுத்தார். ஊசி குத்திய விரலின் வலி அவருக்குத் தெரியும். எனினும் அவருடைய உடையிலும் பதிந்திருப்பது அவருடைய விரல் ரேகை மட்டுமே. பல நாள் குனிந்திருந்து தைத்தவளின் விரல் அதில் பதியவில்லை.

வோக் நிறுவனம் தன் பாரிஸ் வரிசை உறைகளில் வைத்த துணிச்சீட்டும் இவ்வகையினதே. தைத்து முடித்த பெண் அதையும் தன் கையாலேயே உட்கழுத்தில் வைத்துத் தைப்பாள். தன் உழைப்பின்மீது பிறர் பெயரைத் தானே மகிழ்ச்சியோடு பொறிப்பாள்! இதைக் குறையென்று சொல்வதா, பெருந்தன்மையென்று சொல்வதா? நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சீட்டு அவளுக்கு ஒரு பட்டயம் போன்றது. ‘இத்தனை அரிய வேலையை நான் முடித்தேன்’ என்பதற்குச் சான்று.

முகமுண்டு, பெயரில்லை

இனி உறையின் முகப்பில் நிற்கும் பெண்ணிடம் வருவோம். உடையை உயிருள்ளவர் அணிந்து காட்டும் வழக்கமும் வொர்த்தின் காலத்ததே. கடையில் தம்மோடு பணியாற்றிய மரீ வெர்னே என்னும் பெண்ணை அவர் மணந்தார். அவளே அவருடைய உடைகளை அணிந்து வாடிக்கையாளர்க்குக் காட்டினாள். உலகின் முதல் மாடல் அழகி என்று பலர் அவளையே குறிப்பிடுகின்றனர்.

சாதாரண மாதிரித்தாள் உறைகளில் வரைந்த படங்களே இருந்தன. பாரிஸ் வரிசையிலோ அசல் உடையை அணிந்த பெண்ணின் நிழற்படம் இருந்தது. உடை உண்மையிலேயே எவ்வாறு விழுகிறது என்பதை வாங்குபவள் காண வேண்டுமல்லவா? அதற்காக நின்றவர்கள் அக்காலத்துத் தேர்ந்த மாடல்கள். ஆனால் உறையில் அவர்களுடைய பெயரைக் காண்பது அரிது. 1960களின் பிற்பகுதியில் வோக் உறைகளில் காணப்படும் முகங்களுள் ஒன்று லாரன் ஹட்டனுடையது. முன்பற்களுக்கிடையே அவருக்கு இடைவெளி உண்டு. அதைச் சீர்செய்யுமாறு பலர் சொல்லியும் அவர் நிலையாக மாற்றிக்கொள்ளவில்லை. 1973இல் அழகுப் பொருள் நிறுவனமொன்று அவரோடு பெரும் ஒப்பந்தம் செய்தபோது அவர் பெயர் உலகறிந்ததாயிற்று. அதற்கு முன்னர் அவரும் பெயரற்ற முகங்களுள் ஒருவரே.

ஸ்வீடன் நாட்டில் 1911இல் பிறந்த லிசா ஃபான்சக்ரீவ்ஸ், தம் காலத்தில் மிகுந்த புகழ்பெற்ற மாடல். 1949இல் டைம் வார இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. அத்தகையவரும் தம்மைத் துணி மாட்டும் ஒரு நல்ல கொக்கி என்றே சொல்லிக்கொண்டார். உடைதான் முக்கியம், பெண் அல்லள் என்பது அவர் கருத்து. அடக்கம் என்று இதைப் பாராட்டலாம். ஆயினும், ஒரு மனிதப் பிறவி தன்னைக் கொக்கி என்று சொல்லிக்கொள்ளுமாறு ஒரு தொழில் அமைந்திருந்தது என்பதையும் நாம் கவனிக்காமல் இருக்க இயலாது.

பிரான்ஸ் நாட்டு இரயில்வே தொழிலாளி ஒருவரின் மகள் சிமோன். வடிவமைப்பாளர் ஜாக் ஃபாத்திடம் வேலைக்குச் சென்றாள். அங்கே ஏற்கெனவே ஒரு சிமோன் இருந்தமையால், ‘உன் பெயர் இனி பெத்தினா’ என்று அவர் சொல்லிவிட்டாராம். அப்பெயரே நிலைத்தது. 1952இல் கிவான்ஷி தம் முதல் தொகுப்பில் எளிய பருத்தித் துணியால் தைத்த மேற்சட்டை ஒன்றுக்கு அவள் பெயரையே சூட்டினார். அணிந்தவளின் பெயர் உடைக்குக் கிடைத்த அரிய நிகழ்ச்சி அது. ஆயினும் அதுவும் அவள் பெற்றோர் இட்ட பெயரன்று.

இவர்கள் எல்லாரினும் நம் நெஞ்சைத் தொடுவது டோவிமாவின் வரலாறு. டாரதி வர்ஜீனியா மார்கரெட் என்னும் தம் மூன்று பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்துக்கொண்ட பெயர் அது. 1927இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறுவயதில் வாதக் காய்ச்சல் கண்டு, பள்ளிக்கும் செல்லாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே இருந்தவர். 1950களில் மணிக்கு 60 டாலர் பெற்ற முன்னணி மாடலாக அவர் உயர்ந்தார். 1955இல் பாரிஸ் நகரத்து சர்க்கஸ் கொட்டகையில், யானைகளின் நடுவே, டியோர் நிறுவனத்தின் கறுப்பு உடையணிந்து அவர் நின்ற காட்சியை ரிச்சர்ட் அவெடான் படமெடுத்தார். உலகின் புகழ்பெற்ற நிழற்படங்களுள் ஒன்று அது.

காலம் மாறியது, முகங்களும் மாறின. பின்னாளில் டோவிமா, ஃப்ளோரிடா மாநிலத்து உணவு விடுதியொன்றில் வருபவர்களை வரவேற்று இருக்கையில் அமர்த்தும் பணியைச் செய்து வாழ்ந்தார். 1990இல் மறைந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 2010இல், யானைகளோடு அவர் நிற்கும் அந்தப் படத்தின் பெரிய பிரதியொன்று பாரிஸில் ஏலம் போயிற்று. 8 லட்சம் யூரோவுக்கு மேல் விலை கிடைத்தது. படத்துக்குக் கிடைத்த மதிப்பு, படத்தில் நின்றவருக்குக் கடைசிக் காலத்தில் கிடைக்கவில்லை. உணவு விடுதி வேலை இழிவானது என்று யாரும் எண்ண வேண்டா. உழைத்து உண்பதில் இழிவில்லை. ஆனால் அழகைக் கொண்டாடும் உலகம், அழகைத் தந்தவரை எவ்வளவு விரைவில் மறந்துவிடுகிறது என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

மூன்றாவது பெண்

உறையை வாங்கிச் சென்ற பெண்ணைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஆயினும் காலத்தின் நெருக்கடிகளை நோக்கினால் அவளைக் காணலாம். 1927இல் தொடங்கிய சிம்ப்ளிசிட்டி நிறுவனம், 15 சென்டுக்கு மாதிரித்தாள் விற்றது. இரண்டாண்டுகளில் பொருளாதார வீழ்ச்சி வந்தது. வேலையிழந்த குடும்பங்களில் பிள்ளைகள் மானத்தோடு பள்ளிக்குச் செல்ல அந்த 15 சென்ட் தாள் உதவிற்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை உடைக்குப் பங்கீட்டு முறை இருந்தது. அமெரிக்காவிலும் 1942இல் உடைக்குப் பயன்படுத்தும் துணியின் அளவுக்குக் கட்டுப்பாடு வந்தது. போருக்குச் சென்ற கணவனின் பழைய கோட்டைப் பிரித்து மனைவிக்கு உடையாக மாற்றும் மாதிரித்தாள்களும் அப்போது வெளிவந்தன. கணவன் திரும்புவானோ மாட்டானோ என்ற கலக்கத்தோடு அவனுடைய கோட்டின் தையலைப் பிரித்த பெண்ணின் உள்ளத்தை எந்தச் செய்முறைத் தாள் விளக்க இயலும்?

இதைவிடக் கொடியதொரு நிலைமையும் இருந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பல கடைகளில், கறுப்பின மகளிர் உடையை அணிந்து பார்த்து வாங்க அனுமதி இல்லை. காசு கொடுத்தாலும் பொருந்துமா என்று பார்க்கும் உரிமை கிடையாது. அத்தகைய அவமதிப்பை ஏற்காமல் தாமே தைத்துக்கொண்டோர் பலர். அவர்களுக்குத் தையல் இயந்திரம் வெறும் சிக்கனக் கருவியன்று. தன்மானத்தின் காவலும் ஆகும். 1955 டிசம்பர் 1ஆம் நாள் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் எழுந்திருக்க மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ், தொழிலால் ஒரு தையற்காரியே என்பதை மறக்கலாகாது. கைதாவதற்குச் சற்று முன்னர் அவர் தைத்துக்கொண்டிருந்த உடை, இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. தைத்தவரின் பெயரால் காக்கப்படும் உடை! அந்தப் பெருமை அவ்வுடைக்குத் தகும்.

ஜெர்மனியில் ஒஃபன்பர்க் நகரத்து ஏன்னே பூர்டா அம்மையார் 1950 முதல் நடத்திய பத்திரிகை, மாதிரித்தாள்களை இதழுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. ஒரே தாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இரயில் பாதை வரைபடம் போலப் பின்னிக் கிடக்கும். வேண்டியதை மட்டும் பிரித்தறிந்து வேறு தாளில் படியெடுக்க வேண்டும். 1987இல் அப்பத்திரிகை ரஷ்ய மொழியில் சோவியத் நாட்டிலும் வெளிவந்தது. விரும்பிய உடை கடையில் கிடைக்காத நாட்டில், ஓர் இதழைக்கொண்டு பல வீடுகளில் படியெடுத்துத் தைத்தார்கள். அந்தத் தாய்மார்களின் பெயர்களும் எங்கும் இல்லை.

எஞ்சிய தாள்கள்

மாதிரித்தாள் காப்பதற்கென்று செய்யப்பட்டதன்று. வெட்டினால் கிழியும், குண்டூசி குத்தினால் துளைபடும், வேலை முடிந்தால் குப்பைக்குப் போகும். ஆதலின் பழைய தாள்கள் முழுமையாகக் கிடைப்பது அரிது. 1990களின் இறுதியில் வோக் நிறுவனம் தன் பழைய வடிவங்களை மீண்டும் வெளியிட விரும்பியபோது, பொதுமக்கள் பாதுகாத்து வைத்திருந்த தாள்களை இரவல் கேட்க வேண்டியிருந்தது. பெயர் பொறித்த நிறுவனத்திடம் இல்லாதது, பெயரற்ற பெண்களின் பெட்டிகளில் இருந்தது! இதைவிடப் பொருள்பொதிந்த நிகழ்ச்சி இவ்வரலாற்றில் வேறில்லை.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் மாதிரித்தாள்களுக்கெனவே ஓர் ஆவணக் காப்பகம் உள்ளது. நாடக உடைத்துறையில் ஈடுபட்டவர்கள் சேர்த்த தொகுப்புகளே அதற்கு அடிப்படை. 19ஆம் நூற்றாண்டின் தாள்கள் முதலாக ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளின் விவரங்கள் அங்கே திரட்டப்பட்டுள்ளன. பெரிய மாளிகைகளின் பட்டாடைகளை அருங்காட்சியகங்கள் காத்தன. எளிய மக்கள் உண்மையில் என்ன உடுத்தார்கள் என்பதை இத்தாள்கள் காத்துள்ளன.

இத்தகைய பழைய தாள்களில் அறிஞர்கள் விரும்பி நோக்குவது அச்சிட்ட கோடுகளை மட்டுமன்று. பயன்பட்ட தாள்களில் பென்சில் குறிப்புகள் இருக்கும். இடுப்பில் அரை அங்குலம் கூட்டியிருப்பார்கள். நீளத்தை மடித்துக் குறைத்திருப்பார்கள். கிழிந்த இடத்தில் ஒட்டியிருப்பார்கள். யாருக்குத் தைத்தது, எப்போது தைத்தது என்று உறையில் எழுதி வைத்தவரும் உண்டு. முகப்பிலுள்ள மாடலின் உடலுக்கேற்ற வடிவத்தைத் தன் மகளின் உடலுக்கேற்பத் திருத்திய ஒரு தாயின் கையெழுத்து அது. ‘என் மகள் இந்தப் படத்தில் உள்ளவளைப் போல இருக்க வேண்டியதில்லை, இந்த உடைதான் என் மகளுக்குப் பொருந்த வேண்டும்’ என்று அந்தப் பென்சில் கோடு சொல்லவில்லையா?

அழகுக்கும் உடைக்கும் இன்றுள்ள மோகத்தை நினைக்கையில், அந்தப் பென்சில் கோடு நமக்கும் ஒரு பாடமாகும். உடைக்கேற்ப உடலை வருத்துவது ஒரு வழி. உடலுக்கேற்ப உடையைத் திருத்துவது மற்றொரு வழி. வீட்டில் தைத்த தாய்மார்கள் இரண்டாம் வழியையே அறிந்திருந்தார்கள்.

அன்பு வாசகர்களே! நம் இல்லங்களிலும் அலமாரியின் அடியில் பழைய உடை ஏதேனும் இருக்கும். அம்மா தைத்த சிறு கவுனோ, பாட்டி விளிம்பு மடித்த பாவாடையோ இருக்கலாம். அதில் எந்த நிறுவனத்தின் சீட்டும் இராது. ஒரு வெள்ளை நாடாவை எடுத்து, தைத்தவரின் பெயரையும், தெரிந்தால் ஆண்டையும் எழுதி, அதன் உட்புறத்தில் நான்கு தையல் போட்டு வையுங்கள். அவர் உயிரோடிருந்தால் அவரிடமே கேட்டு எழுதுங்கள். ‘இதெல்லாம் எதற்கு?’ என்று முதலில் சிரிப்பார். பின்னர் அந்தத் துணியைக் கையில் வாங்கி, தையலைத் தடவிப் பார்த்து, அது எந்தத் திருநாளுக்காக, யாருக்காக, எத்தனை இரவு விழித்துத் தைத்தது என்று சொல்லத் தொடங்குவார். உறைகளில் எழுதப்படாத பெயர்களுள் ஒன்றையேனும் நாம் எழுதிவிட்டோம் என்ற நிறைவு அப்போது நமக்குக் கிடைக்கும்.